சேராத நாள்

தாவீதைக் கெட்டவன் என்று ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். மெர்சியின் கஷ்டமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனாக இருந்தால் தெருவில் நின்று கத்தலாம்; நாலு பேர் வந்து நியாயம் கேட்பார்கள். குடும்பத்துக்காகத்தான் உழைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, அதை நிஜமாகவே செய்துகொண்டும் இருக்கிற மனுஷனை என்னவென்று திட்டுவது?

அந்தமான் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகிப் போர்ட் பிளேருக்குக் கப்பலேறிய மீனம்மாள் அக்காவை மெர்சி பார்த்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. 'ஒரு தடவை குடும்பத்தோட போய்ப் பாத்துட்டு வந்துடலாம்' என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்தவன் தாவீதுதான். அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொன்றைச் சேர்த்தார்கள். மெர்சி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து வாங்கும் சம்பளத்தில் மாதாமாதம் தபால் ஆபீஸில் போட்டாள். கடைசி மூன்று கிறிஸ்துமஸுக்கு யாருக்கும் புதுத்துணி எடுக்கவில்லை. இப்போது பன்னிரண்டாவது படிக்கும் மகள் எழிலரசி, பள்ளிக்கூடத்துச் சுற்றுலா ஒன்றுக்கும் பெயர் கொடுக்காமல், 'நாங்க கப்பல்லயே போகப் போறோம்' என்று தோழிகளிடம் சொல்லிச் சமாளித்துக்கொண்டாள்.

தாவீது சேர்த்தது லீவு.

கம்பெனியில் வருஷத்துக்குப் பதினாலு நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. கப்பல் போக நாலு நாள், வர நாலு நாள். திரும்புகிற கப்பல் எப்போது கிளம்பும் என்பது கடவுளுக்கும் துறைமுகத்துக்கும்தான் தெரியும். நாற்பத்தைந்து நாளாவது கையில் வேண்டும் என்று தாவீது தீர்மானித்தான். அதற்காக ஆறு வருஷமாக ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. காய்ச்சலோடு வேலைக்குப் போனான். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கு ஷிப்ட் முடிந்து, கடைசிப் பந்திக்குத்தான் வந்து சேர்ந்தான்.

இந்த ஏப்ரல் பதினாறாம் தேதியும் வேலைக்குப் போனான். அதுதான் மெர்சியின் நெஞ்சில் இன்னும் நிற்கிறது.

அன்றைக்கு விடியற்காலையில் மெர்சியின் அப்பா, அவள் நைனா என்று கூப்பிடுகிறவர், இறந்துபோனார். அடக்கம் சாயங்காலம் நாலு மணிக்கு என்று முடிவாயிற்று. தாவீதுக்கு மத்தியானம் ஆரம்பிக்கிற இரண்டாவது ஷிப்ட். "இன்னிக்கு ஒரு நாள் லீவு போடுங்க" என்று மெர்சி மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் நைனாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"முடியாது மெர்சி. இன்னிக்கு எடுக்காத நாளு, அங்க உங்க அக்கா வூட்ல ஒரு நாளு அதிகமா இருக்க ஆவும். உங்க நைனாவும் அதத்தான் கேப்பாரு" என்று சொல்லிவிட்டு அவன் போனான். பிறகு இரண்டு மணி நேரம் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு எண்ணெய்க் கறை படிந்த கையோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தான். மூன்று பிடி மண் போட்டான். பாஸ்டர் கடைசி ஜெபத்தை முடிப்பதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மெர்சி அழுது ஓய்ந்தபின் அந்த ஒரு நாளுக்கு ஒரு பெயர் வைத்தாள். நைனா நாள். அந்தமானில் அக்காவும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டு நைனாவுக்காக ஜெபம் பண்ணப் போகிற நாள். அந்த நாள் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்ற ஒரே நினைப்பில்தான் இந்த ஏழு மாதமும் அவள் தாவீதுக்கு முகம் கோணாமல் சோறு போட்டாள்.

நேற்று வந்த அக்காவின் கடிதம் அந்த நாளுக்குத் தேதியும் குறித்துவிட்டது.

*

வெள்ளிக்கிழமை காலை. தாவீது இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்க, எழிலரசி அந்தக் கடிதத்தை மறுபடியும் படித்தாள். மெர்சி கேட்டுக்கொண்டபடி இது நாலாவது தடவை.

"'ஜனவரி பதினேழு நைனா பொறந்த நாள். அன்னைக்கு எங்க சர்ச்சுல நைனா பேருல ஆராதனை வெக்கச் சொல்லிட்டேன். எங்க லைன் வூடுங்கள்ல இருக்கற எல்லாருக்கும் சாப்பாடு. கடைசியா நைனா மூஞ்சியக்கூட நான் பாக்கல மெர்சி. நீ வரும்போது கல்லறை மண்ணு ஒரு பிடி எடுத்துகினு வா. இங்க சர்ச்சுத் தோட்டத்துல போட்டு ஒரு செடி வெக்கறேன்.'"

மெர்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"டிசம்பர் பத்து கப்பலேறினா ஜனவரி பதினேழுக்கு அங்கதான இருப்போம்?"

"வர்ற நாலு நாளு போனாலும் பத்தொம்பது வரைக்கும் இருக்கலாம்" என்றான் தாவீது. "நாப்பத்தஞ்சு நாளாச்சே."

"லீவு லெட்டர இன்னிக்கே குடுத்துடுங்க. பதினஞ்சு நாளைக்கு முன்னாடி குடுக்கணும்னு நீங்கதான சொன்னீங்க."

"எண்பது நாளுக்கு மேல சேந்து கீது. அதுல பாதி கேக்கறேன். குடுக்காம எங்க போயிடுவாங்க?" தாவீது சிரித்தான். ஆறு வருஷத்தில் அவன் இவ்வளவு தெம்பாகப் பேசி எழிலரசி கேட்டதில்லை.

அவள் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். கப்பல் டிக்கெட்டுக்கான ஃபாரம். "திங்கக்கெழம காலைல பத்து மணிக்குத் துறைமுக ஆபீஸ்ல குடுக்கணும்பா. மூணு பேர் பேரையும் நானே எழுதறேன். என் கையெழுத்துதான் நல்லா இருக்கும்."

"சாயந்தரம் எழுது. லீவு சாங்ஷன் ஆவட்டும்" என்று தாவீது கையைக் கழுவினான்.

*

ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே, லாரிக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி அது. சாப்பாட்டு மணி அடித்ததும் தாவீது டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் போனான். அந்த ஜன்னல் பக்கம் அவன் வந்து நின்றதே இல்லை. லீவு எடுக்கிறவன்தானே அங்கே வருவான்?

உள்ளே கிளார்க் திருநாராயணன் இருந்தார். கோயில் வீதிக்காரர். விடியற்காலையில் சந்நிதியில் பாசுரம் சேவித்துவிட்டு, நெற்றியில் திருமண் காய்வதற்குள் எட்டு மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறவர். தாவீதின் கடிதத்தை வாங்கிப் படித்தார். பெரிய லெட்ஜரைப் புரட்டினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"நாற்பத்தஞ்சு நாள் கேட்டிருக்கேள். முப்பதுதானே இருக்கு தாவீது?"

"நல்லாப் பாருங்க சார். வேற யாருதோ பாக்கறீங்க."

"டோக்கன் நம்பர் இருநூத்திப் பதினேழு. நீங்கதானே? முப்பது."

"ஆறு வருஷம் சார். ஒரு நாளு எடுத்தது கெடையாது."

"அதனாலதான் முப்பது. அதுக்கு மேல சேராது. மிச்சமெல்லாம் வருஷக் கடைசியில லாப்ஸ் ஆயிடும். கம்பெனி ரூல். நோட்டீஸ் போர்டுல இருக்கே."

தாவீது திரும்பிப் பார்த்தான். கேன்டீன் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் மஞ்சளாகிப்போன ஒரு தாள், முழுக்க இங்கிலீஷில். ஆறு வருஷமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போயிருக்கிறான்.

"லாப்ஸுன்னா?"

"போயிடுத்துன்னு அர்த்தம்."

தபால் ஆபீஸில் போட்ட பணம்போல, எடுக்காத லீவும் தன் பெயரில் ஏறிக்கொண்டே இருக்கும் என்றுதான் தாவீது நம்பியிருந்தான். லீவு எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த ரூல் தெரியும். மிச்சம் போய்விடப் போகிறதே என்று டிசம்பரில் வரிசையாக எழுதிக் கொடுப்பார்கள். 'சோம்பேறிப் பசங்க' என்று தாவீது அவர்களை மனசுக்குள் ஏசியிருக்கிறான்.

"எப்பலேந்து சார் சேரல?"

"நாலு வருஷம் முன்னாடி, எண்பத்தெட்டுலேயே முப்பது நிறைஞ்சுடுத்து. அதுக்கப்புறம் ஒண்ணுமே சேரலை."

தாவீது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "இந்த ஏப்ரல் பதினாறு?"

திருநாராயணன் பக்கத்தைத் திருப்பி விரலை ஓட்டினார். "அன்னிக்கு வேலைக்கு வந்திருக்கேள். ரெண்டு மணி நேரம் கேட் பாஸ். காரணம்..." அவர் நிறுத்தினார். எழுதியிருந்ததை வாய்விட்டுப் படிக்க அவருக்கு மனசு வரவில்லை. "அன்னிக்கு ஒரு நாள் எழுதிக் கொடுத்திருந்தா சம்பளத்தோட கிடைச்சிருக்கும் தாவீது. உங்களுக்கு ஒரு நஷ்டமும் ஆகியிருக்காது."

திருநாராயணன் லெட்ஜரை மூடினார்.

"ஒண்ணு சொல்றேன், இனிமேலாவது உபயோகப்படும். நீங்க லீவு கேட்டு, கம்பெனி முடியாதுன்னு எழுதிக் கொடுத்திருந்தா, அந்த நாள் லாப்ஸ் ஆகாது. முப்பதுக்கு மேலயும் நிக்கும். கேட்டு மறுத்த நாள் எத்தனை வருஷமானாலும் உங்களுதுதான். ஆனா நீங்க கேக்கவே இல்லையே."

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தவர், குரலை இறக்கினார். "பாக்கிப் பதினஞ்சு நாளைக்குச் சம்பளமில்லாம கேக்கலாம். மேனேஜர் கையெழுத்து வேணும். டிசம்பர்ல வேலை நெருக்கடி, என்ன சொல்வாரோ தெரியலை. இருந்தாலும் போய்க் கேளுங்கோ."

மேனேஜர் அறைக்கு வெளியே தாவீது கால் மணி நேரம் நின்றான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் டெலிபோனில் பேசி முடித்தார், டீ குடித்தார், பேப்பரைப் பிரித்தார். இரண்டு தடவை தாவீது கதவைத் தட்டக் கையைத் தூக்கி, இரண்டு தடவையும் கீழே போட்டான். யாரிடமும் எதையும் கேட்டு நின்றதில்லை என்பதை அவன் இதுநாள்வரை மானம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அதில் பாதிக்கு மேல் பயம் என்பது இன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது. சங்கு ஊதியது. திரும்பி மெஷினுக்குப் போய்விட்டான்.

பக்கத்து மெஷின் கோதண்டம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தைக் கறந்துவிட்டான்.

"இதுக்குப் போயி இடிஞ்சு போய் நிக்கற? மேனேஜர் குடுக்கலன்னு வூட்ல சொல்லிடு. எல்லா வூட்லயும் அவரத்தான் திட்டறாங்க, உன் வூட்லயும் ரெண்டு திட்டு திட்டிட்டுப் போறாங்க. முப்பது நாளுல போயிட்டு வாங்களேன், யாரு வாணாங்கறது?"

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை.

*

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் மெர்சியும் எழிலரசியும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். கழுவிக் காயவைத்த ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை மெர்சி கையில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை என்பதால் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற பஸ்கள் கூட்டத்தை அடைத்துக்கொண்டு மதிலோரமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

நைனாவுக்கு இன்னும் கல் வைக்கவில்லை, மரச்சிலுவைதான். ராத்திரி பெய்த மழையில் மேடு சரிந்திருந்தது. மெர்சி தலைமாட்டுப் பக்கத்தில் கையால் தோண்டினாள்.

"ஈரமா கீதும்மா" என்றாள் எழிலரசி.

"அடுப்பாண்ட வெச்சா காஞ்சிடும்."

எழிலரசி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கலாமா என்று பல நாளாக அவள் வைத்திருந்த கேள்வி. "அப்பா மேல இன்னும் கோவமாம்மா?"

மெர்சி மண்ணிலிருந்த ஒரு வேரைப் பிய்த்து எறிந்தாள்.

"கோவம்னு இல்ல. அந்த ஒரு நாள கைலயே வெச்சிகினு கீறேன். போயி நைனாவுக்குக் குடுத்துட்டேன்னா எறங்கிடும்."

வரும் வழியில் மூன்று வருஷத்துக்குப் பிறகு ஜவுளிக்கடை வாசலில் நின்று, எழிலரசிக்கு ஒரு பாவாடைத் துணியைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டாள் மெர்சி. வாங்கவில்லை. ஆனால் கேட்டாள். எழிலரசிக்கு அதுவே கிறிஸ்துமஸ் வந்துவிட்டதுபோல இருந்தது.

*

ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டிறங்கி, சைக்கிள் மிதித்து வீடு வந்து சேருகிற வரைக்கும் தாவீது அந்தப் பொய்யை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். வீட்டு வாசலை மிதிக்கும்போது அது கிட்டத்தட்ட நிஜமாகவே ஆகியிருந்தது.

அடுப்புக்குப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மண்ணைப் பரப்பியிருந்தார்கள். எழிலரசி ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"குடுத்தீங்களா?" என்றாள் மெர்சி.

"குடுத்தேன். முப்பதுதான் கெடச்சுது."

மெர்சி விரலை மடக்கி எண்ணினாள். ஜனவரி எட்டோடு நின்றாள். முகம் வெளுத்தது. மறுநிமிஷமே கொதித்துவிட்டாள்.

"யாரு, அந்த மேனேஜரா? ஆறு வருஷம் காய்ச்சல்னு பாக்காம, சாவுன்னு பாக்காம ஒழச்ச மனுஷனுக்கு முப்பது நாளா? அவரு வூட்ல சாவே வுழாதா?"

தாவீது குனிந்து நின்றான். அதைப் பார்த்ததும் மெர்சியின் குரல் இறங்கிவிட்டது. டீயை ஆற்றிக்கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஏழு மாதத்தில் அவள் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம். நீங்க கேட்டீங்க, அவரு குடுக்கல. நான்தான் உங்கள ஏதேதோ நெனச்சிகினு இருந்தேன்."

அவள் கை அவன் தோள்மேல் இருந்தது. திட்டியிருந்தால் தாவீது தப்பித்திருப்பான். டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"அவரு குடுக்கலன்னு இல்ல மெர்சி. நான் கேக்கல."

எல்லாவற்றையும் சொன்னான். முப்பதுக்கு மேல் சேராது என்பதை, மஞ்சள் தாளை, கண்ணாடிக் கதவை, கோதண்டம் சொல்லிக் கொடுத்த பொய்யை. கோர்வையாக வரவில்லை. முன்னும் பின்னுமாக, எழிலரசிக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னான். மெர்சியின் கை எப்போது தோளை விட்டு எடுபட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நைனா நாளு?" என்றாள் மெர்சி.

"அது சேரவே இல்ல மெர்சி."

"நீங்க அன்னிக்கு லீவு போட்டிருந்தா?"

"ஒண்ணும் கொறஞ்சிருக்காது."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. எழிலரசி எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தாள். மெர்சி அழவில்லை. செய்தித்தாளின் முனைகளை ஒன்றாகச் சேர்த்து, மண்ணை மெதுவாகப் பாட்டிலுக்குள் சரித்தாள்.

"கேட்டு, அவங்க முடியாதுன்னு சொல்லியிருந்தா?"

"அப்போ அந்த நாளு போயிருக்காதாம். எத்தினி வருஷமானாலும் நம்பளுதுதானாம். திருநாராயணன் சார் சொன்னாரு. கேட்டு மறுத்த நாளு நிக்குமாம்."

மெர்சி பாட்டிலை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் கேட்டேனே" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "நைனா கால்மாட்டுல உக்காந்துகினு மூணு வாட்டி கேட்டேன். நீங்கதான் முடியாதுன்னு சொன்னீங்க. அப்ப என் நாளு எங்க நிக்குது?"

அந்த நாள் எந்த டைம் ஆபீஸ் லெட்ஜரிலும் இருக்காது. தாவீது எழுந்து போய் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டான்.

எழிலரசி ஃபாரத்தைப் பார்த்தாள். முதல் வரியில் மெர்சி, இரண்டாவது வரியில் எழிலரசி. மூன்றாவது வரி காலியாக இருந்தது. அப்பா வருவதற்கு முன்னால் அதையும் எழுதி முடித்திருக்கலாமே என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

"அம்மா. அப்பா பேரு எழுதவா?"

மெர்சி பாட்டில் மூடியை இறுக்கித் திருகினாள். வாசலில் நிற்கிறவனுக்குக் கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"அவரு கேட்டா எழுது."

தாவீதுக்குக் கேட்டது. கதவு திறந்துதான் இருந்தது. பகலில் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்ற மாதிரியே, உள்ளே ஒரு காலும் வைக்காமல், அவன் நின்றுகொண்டிருந்தான். எழிலரசி பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.